பத்தொன்பதா, இருபத்துமூன்றா

போன மாதம், படகு என்ஜின் வேலை பழகுகிற உங்களில் இரண்டு பேர் தனித்தனியாகப் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். பழைய வேகப் படகு, என்ஜின் மாற்றியாகிவிட்டது, எந்த புரொப்பெல்லர் போடலாம்? ஒருவர் குதிரைத்திறனைச் சொன்னார். இன்னொருவர் படகின் நீளத்தைச் சொன்னார். அதில் யார் ஏறப்போகிறார்கள், எத்தனை பேர், என்ன மூட்டையோடு என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் ஓனர் பாத்துக்கிடுவாரு சார்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. போனில் சொன்னால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு படகுப் பணிமனையில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான ஆழ்வார்குறிச்சிக்கு வந்துவிட்டோம். நல்ல ஊர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே எனக்குக் கிடைக்கிற தண்ணீர் கடனாநதி வாய்க்காலும் வீட்டுக் குழாயும்தான். காலையில் எழுந்ததும் காது பழக்கத்தில் என்ஜின் சத்தத்தைத் தேடும். தெருவில் பால்காரரின் வண்டி போனால் அதன் சுற்றுகளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். எங்கள் பணிமனைக்கு வந்த படகுகளில் மீட்டர் வேலை செய்யாதவையே அதிகம். காதால் எண்ணித்தான் சுற்று சொல்வோம். நூறு, நூற்றைம்பது முன்னே பின்னே இருக்கும், அதற்கு மேல் தவறாது. அந்தப் பழக்கம் போகவில்லை. பால்காரரின் வண்டியில் வால்வு தட்டுகிறது, சொன்னால் சிரிக்கிறார்.

எல்லாவற்றையும்விட நான் ஏங்குவது ஒரே ஒரு நொடிக்கு. படகு எழும்பும் நொடிக்கு. வேகப் படகை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் அமிழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு போகும். என்ஜின் முக்கும். பிறகு திடீரென்று உடம்பு முழுவதும் தண்ணீருக்கு மேலே வந்துவிடும், மூக்கு இறங்கும், சத்தம் லேசாகும். சுமையை யாரோ கீழே இருந்து வாங்கிக்கொண்டதுபோல இருக்கும். சரியான புரொப்பெல்லர் போட்டால்தான் அந்த நொடி வரும். தவறானதைப் போட்டால் படகு கரை சேரும்வரை உழுதுகொண்டே இருக்கும்.

நான் சொல்லவந்தது மணிமுத்தாறு அணையில் நிற்கும் ஒரு மீட்புப் படகைப் பற்றி. எந்தத் துறையின் படகு என்பது வேண்டாம். சாதாரண நாளில் அணைக்குள் ரோந்து போகும், வெள்ளம் வந்தால் ட்ரெய்லரில் ஏற்றி ஆற்றங்கரை ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டெர்ன்டிரைவ் வகை. என்ஜின் படகுக்குள்ளே பின்பக்கம் இருக்கும், அதிலிருந்து ஒரு கால் வெளியே தண்ணீருக்குள் இறங்கும், அந்தக் காலின் முனையில் புரொப்பெல்லர். பெரிய வெள்ளம் வந்த வருஷம் இந்தப் படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பெட்ரோல் என்ஜின் அதற்கு முன்பே இறுகிப்போயிருந்தது. அப்போது ஜனங்களைக் கூரைகளிலிருந்து இறக்க, கடற்கரையிலிருந்து மீனவர்கள் லாரியில் தங்கள் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த வெட்கத்தில்தான் இந்தப் படகுக்கு டீசல் என்ஜின் வாங்க அனுமதி கிடைத்தது. என்ஜினை ஏற்றும் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் அண்ணாச்சிக்கு என்னைத் தூத்துக்குடி நாளிலிருந்தே தெரியும். "சார்வாள், கடைசி ஒரு வேலை. புரொப்பெல்லரை மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போயிரும்" என்று கூப்பிட்டார். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்து என் மனைவி, "கூப்பிட்டது அவரா, தண்ணியா?" என்று கேட்டாள்.

படகை ஓட்டுகிறவன் தங்கராஜ். முப்பத்தைந்து வயது இருக்கும். மாஞ்சோலையில் பிறந்து, அங்கேயே எஸ்டேட் ஜீப் ஓட்டியவன். தேயிலை எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையை விட்டு இறங்கியபோது இவனும் இறங்கினான். ஒரு சொந்தம் திருப்பூருக்குப் போனது, ஒன்று தென்காசிப் பக்கம், ஒன்று அம்பாசமுத்திரத்தில் வாடகைக்கு. இவன் எங்கும் போகாமல் அணையில் இந்தத் தற்காலிக வேலையைப் பிடித்துக்கொண்டான். முதல் நாள் என்னைப் படகில் ஏற்றி நடு அணைக்குக் கொண்டுபோனான். ஏதோ கரகரப்பு இருக்கிறதென்று நான் குனிந்து கேட்டுக்கொண்டிருக்கையில், என்ஜினைப் பைய இறக்கிவிட்டு மேற்கே கையைக் காட்டினான்.

"அந்தா தெரியுது பாருங்க சார், மலையில ஒரு கீறல் மாதிரி. அது ரோடு. பஸ் திரும்புத வளைவு."

"வீடு?"

"வீடு அந்தப் பக்கம் சார், தெரியாது. வளைவுதான் தெரியும். கீழ எங்கன நின்னாலும் மரம் மறைச்சிரும், இல்லன்னா கட்டடம் மறைச்சிரும். இங்கன வந்தாதான் சரியாத் தெரியும்."

"அதுக்காகவா இந்த வேலை?"

சிரித்தான். "சம்பளமும் தாராவல்லா சார்."

இனி புரொப்பெல்லர் விஷயம். பிட்ச் என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக ஒரே வரி: புரொப்பெல்லரை மரத்தில் திருகும் ஸ்க்ரூ என்று நினைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் எத்தனை அங்குலம் உள்ளே போகுமோ அதுதான் பிட்ச். பழைய பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு நாலாயிரத்து அறுநூறு சுற்று சுற்றியது. புதிய டீசல் மூவாயிரத்து எண்ணூறுதான். சுற்று குறைந்தால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிற புரொப்பெல்லர் வேண்டும், பிட்சைக் கூட்டு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் புதிய என்ஜினின் மொத்த பலமும் பழையதைவிடக் குறைவு. பல்லக்கு தூக்குகிறவர்களில் இரண்டு பேரைக் குறைத்துவிட்டு, மீதிப் பேரை எட்டி நடக்கச் சொல்வதுபோல. ஆள் இல்லாத பல்லக்கென்றால் நடப்பார்கள்.

கொச்சியிலிருந்து இரண்டு புரொப்பெல்லர் வந்திருந்தன. பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்று மூன்று இறக்கை, இருபத்துமூன்று பிட்ச். மற்றது நாலு இறக்கை, பத்தொன்பது பிட்ச். அணைக் கொட்டகையின் பூட்டில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் இரண்டையும் வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். "இருட்டுல கால் இடிச்சா யாரு பாக்கது? இந்த இரும்புப் பூவை எடுத்துக் கொல்லையில வைங்க" என்றாள் மனைவி. வைக்கவில்லை. காலையில் என் காலில்தான் இடித்தது.

பத்துப் பேர் எடைக்கு மணல் மூட்டை கட்டி இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பேர் மட்டும் ஏறினால் இருபத்துமூன்று அம்புபோலப் போயிற்று, மணிக்கு அறுபது கிலோமீட்டர். மணல் மூட்டையை ஏற்றியதும் அதே புரொப்பெல்லரில் என்ஜின் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை. மூக்கு மேலேயே நின்றது, பின்னால் கறுப்புப் புகை, அணையின் பாதி தூரம் வரை உழுதுகொண்டு போய்த் திரும்பினோம். எழும்பவே இல்லை. பத்தொன்பதில் மூட்டைகளோடு நன்றாக எழும்பியது. மூவாயிரத்து எழுநூறு சுற்று, வேகம் நாற்பத்தாறு. ஆனால் மூட்டைகளை இறக்கிவிட்டு ஆள் குறைவாக ஓட்டினால் என்ஜின் தன் உச்சச் சுற்றில் முட்டி நின்றுவிடும். வேகம் ஐம்பத்தொன்றுக்கு மேல் ஏறாது.

எதைப் போடுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்திருக்கக் கூடாது. இருந்தது. காரணம், துறையின் இன்ஜினியர் அம்மா வந்து பார்க்கவிருந்த சோதனை ஓட்டத்துக்கான நிபந்தனை. இரண்டு பேர் ஏறி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரவேண்டும் என்று போட்டிருந்தது. பழைய பெட்ரோல் என்ஜின் காலத்து வரியை யாரோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சோதனையில் தேறாவிட்டால் படகை ஏலத்துக்கு அனுப்பிவிடுவது என்று முன்பே முடிவாகியிருந்தது. படகு போனால் தங்கராஜின் வேலையும் அதோடு போகும்.

அண்ணாச்சி என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"சார்வாள், உம்ம கணக்கெல்லாம் சரி. நான் இல்லேங்கல. இருபத்துமூணை மாட்டும். அறுபதுல பறக்கட்டும். இன்ஜினியர் அம்மா பாத்துட்டுப் போவட்டும். பொறவு நீரு எதை வேணும்னாலும் மாட்டிக்கிடும்."

"பொறவு யாரு மாட்டுவா?"

"தங்கராசு மாட்டுதான்."

"எதை மாட்டுவான்? பத்தொன்பதுதான் சனிக்கிழமை கொச்சிக்குப் போயிருமே."

"ஒண்ணு புதுசா வாங்கிக்கிட்டாப் போச்சு."

"இந்த என்ஜினை வாங்கவே ஒரு வெள்ளம் வரவேண்டியிருந்துது அண்ணாச்சி."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலத்துக்குப் போச்சுன்னா பத்தொன்பதும் இல்ல, இருபத்துமூணும் இல்ல, படகே இல்ல வே! அந்தப் பயலுக்குச் சோறும் இல்ல. அதையும் உம்ம கணக்குல சேத்துக்கிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லோரும் ஒருநாள் வந்து நிற்பீர்கள். எந்த புரொப்பெல்லர் சரி என்று தெரியாமல் திண்டாடுவது கொஞ்ச காலம்தான். தெரிந்த பிறகு திண்டாடுவதுதான் வேலை. நான் எத்தனையோ படகுகளில் பார்த்திருக்கிறேன்: சோதனை அன்று மாட்டியிருக்கிற புரொப்பெல்லர்தான் அந்த என்ஜின் சாகும்வரை மாட்டியிருக்கும். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்ட எதையும் யாரும் மாற்றியதில்லை. வெள்ள நாளில் கூரையிலிருந்து பத்துப் பேரை இறக்கி ஏற்றிவிட்டு, ஓட்டத்தை எதிர்த்துப் போகிறபோது இந்தப் படகு எழும்பாமல் உழுதுகொண்டு நின்றால்? அந்த ஓட்டத்தில் உழுகிற படகு திரும்பாது, பாலத்தில்தான் போய் அடிக்கும்.

தங்கராஜிடம் மறைக்காமல் சொன்னேன். உன் வேலை இதில் இருக்கிறது, எனக்கு எது சரி என்று படுகிறது, நிபந்தனை என்ன சொல்கிறது, எல்லாவற்றையும். அவன் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"இருபத்துமூணையே போட்டிருங்க சார்" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு மலையை விட்டு இறங்கியவன், அதன் கடைசி வளைவையும் விட்டுக்கொடு என்று அவனிடம் யார் கேட்பது? நான் கருவிப் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஆழ்வார்குறிச்சி வருகிறவரைக்கும் அவனுடைய அந்த ஒரு வாக்கியத்துக்கு மறுப்பு தேடினேன். கூரையில் நிற்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியாது. தங்கராஜின் முகம் தெரியும். தெரிந்த முகத்துக்காகக் கணக்கை மாற்றலாமா என்பதுதான் கேள்வி. உங்களுக்கு எளிதாக இருந்தால் நீங்கள் பாக்கியசாலிகள்.

சோதனை நாள் காலையில் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். பத்தொன்பதை எடுத்து மாட்டினேன். நட்டை இறுக்கி, அது கழலாமலிருக்கப் பூட்டுப் பின்னைச் செருகி வளைக்கும்போது தங்கராஜ் வந்தான். நாலு இறக்கையைப் பார்த்தான். பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். புது வண்டிக்கு முதல் ஓட்டத்தில் டயருக்கு அடியில் வைப்போமே, அது.

அண்ணாச்சி பின்னாலேயே வந்தார். அவரும் நாலு இறக்கையைப் பார்த்தார். என்னைத் திட்ட வாய் வராமல் அவன்மேல் பாய்ந்தார். "ஏலே, டயர் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கன வைப்பே? அந்த ஃபேன்ல கட்டு. ஜூஸாவது வரட்டும். வேகம் வரப்போறதில்ல."

அந்த நேரத்தில்தான் ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பேர் இறங்கினார்கள். நல்ல புடவை, சலவைச் சட்டை, கையில் டீ பிளாஸ்க், ஒரு தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல். தங்கராஜுக்கு முகம் இருண்டுவிட்டது. எஸ்டேட் குடியிருப்பில் அவனோடு ஒரே வரிசையில் இருந்த லைன் வீட்டுக்காரர்கள். எஸ்டேட்டில் புதிதாக ஒரு ஜீப் வந்தாலும் லைனில் இருக்கிற எல்லோரும் ஏறி ஒரு சுற்று போய் வந்த பிறகுதான் அதை வேலைக்கு எடுப்பார்களாம். படகு தேறிவிடும் என்ற நம்பிக்கையில் அவன் முந்தைய வாரமே எல்லோருக்கும் போன் போட்டிருக்கிறான். திருப்பூரிலிருந்துகூட இரண்டு பேர் ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் செல்வமணி என்று ஒரு அம்மா. வந்ததும் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கராசு, நம்ம ஜீப்பை விட இதுல ஆள் கூடக் கொள்ளும் போலிருக்கேடே" என்றார். அவன் "சும்மா இருங்க அத்தை" என்றான்.

இன்ஜினியர் அம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேசாதவர். தானே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தங்கராஜோடு ஏறினார். போய் வந்தார்கள். ஐம்பத்தொன்று.

"நாலு குறையுதே சார்" என்றார் என்னிடம்.

"குறையும்மா. இதைவிட வேகமா போறது ஒண்ணு இருக்கு. அதை மாட்டினா அறுபது வரும். நான் மாட்டல."

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார்.

"ஏன் மாட்டல?"

மணல் மூட்டைக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "புரியுது. ஆனா நிபந்தனை ரெண்டு பேர்னுதான் சார் இருக்கு."

"கூரை மேல நிக்கிறவங்க ரெண்டு ரெண்டு பேராவா ஏறுவாங்கம்மா?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வயதானால் இது ஒரு கோளாறு. "இங்கன பத்துப் பேர் நிக்காங்க. ஏத்திக்கிட்டு ஒரு தடவை போய் வாங்க. மணலை நான் பாத்துட்டேன். நீங்க மனுசங்களை வச்சுப் பாருங்க."

"தண்ணியில ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"லைஃப் ஜாக்கெட் பன்னெண்டு இருக்கு. எண்ணி வச்சிருக்கேன். கிழிசல் இல்ல."

அவர் அந்தப் பத்துப் பேரையும் பார்த்தார். செல்வமணி அம்மா அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "நானும் ஏறுறேன்" என்றார் இன்ஜினியர் அம்மா. "நான் பாக்காததை எழுத மாட்டேன். நீங்களும் வாங்க சார், மீட்டரைப் பாத்துச் சொல்லணும்."

பத்துப் பேர், தங்கராஜ், இன்ஜினியர் அம்மா. பன்னிரண்டு. ஜாக்கெட் பன்னிரண்டு. பதின்மூன்றாவது ஆள் நான்.

"நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். "எனக்கு இங்கனயே கேக்கும்."

கரையில் நானும் அண்ணாச்சியும் மிச்சம். படகு பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. மணல் மூட்டை அசையாது, மனிதர்கள் அசைவார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் திரும்பி நின்றுகொண்டேன். பார்த்தால் என்னால் எண்ண முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இரண்டாயிரத்து எண்ணூறு. மூவாயிரம். முக்குகிறது. மூவாயிரத்து இருநூறு. எழும்பு, எழும்பு. மூவாயிரத்து ஐந்நூறு. பிறகு சத்தம் லேசாகியது. அந்த நொடி. முப்பத்தோரு வருஷம் காலடியில் உணர்ந்ததை முதல் தடவையாகக் காதில் மட்டும் வாங்கிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது மங்கலாக இருந்தது.

"ஏறிட்டு வே!" என்றார் அண்ணாச்சி. "பறக்குதுல்லா!"

"மூவாயிரத்து எழுநூறு" என்றேன்.

"நீரு ஒருத்தரு."

படகு நடு அணைக்குப் போனது. பிறகு சத்தம் இறங்கியது, இறங்கி, நின்றேவிட்டது. அணை முழுக்க ஒரே அமைதி.

"என்னவே, நின்னுட்டு!"

டீசல் ஃபில்டர் அடைத்துக்கொண்டதா? மீன்வலை ஏதாவது புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டதா? பின்னைச் சரியாக வளைத்தேனா? காலையில் வளைத்துக்கொண்டிருக்கும்போதுதான் தங்கராஜ் வந்தான், அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. நடுத் தண்ணீரில் பன்னிரண்டு பேர். அதில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. மலைக்காரர்களுக்கு நீச்சல் எங்கே தெரியும்? அண்ணாச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தது எனக்காகவா, அவர் விழாமலிருக்கவா என்று தெரியவில்லை.

பிறகு என்ஜின் பிடித்தது. நின்ற இடத்திலிருந்து, முழுச் சுமையோடு, மறுபடியும் முக்கி, மறுபடியும் எழும்பியது. ஓடுகிற படகு ஓடிக்கொண்டிருப்பது பெரிதில்லை. நின்ற படகு நடுத் தண்ணீரில் பன்னிரண்டு பேரோடு எழும்புவதுதான் சோதனை. அதை நான் கேட்டிருந்தால் யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

கரைக்கு வந்ததும் இன்ஜினியர் அம்மா முதலில் இறங்கினார். சட்டைக் கை நனைந்திருந்தது.

"ஏம்மா நின்னுது?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் எந்திரிச்சுத் திரும்பிட்டாங்க சார், படகு சாஞ்சிருச்சு. பயந்துட்டேன்." ஜாக்கெட்டைக் கழற்றினார். "நிறுத்தின பிறகும் எல்லாரும் மலையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நானும் கிளம்பச் சொல்லல. அந்த அம்மாதான் 'போவலாம்டே, பொங்கல் ஆறுது'ன்னாங்க."

படகிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். யார் முகத்திலும் சவாரி போய்வந்த குதூகலம் இல்லை. செல்வமணி அம்மா மட்டும் என்னிடம் வந்து, இலைத்துண்டில் பொங்கலைக் கொடுத்துவிட்டு, "ரோட்டுல புல்லு முளைச்சிருக்கும், என்னா சார்?" என்றார். இவ்வளவு தூரத்திலிருந்து அது தெரியாது. "இருக்கும்மா" என்றேன்.

இன்ஜினியர் அம்மா தன் அறிக்கையில் ஐம்பத்தைந்து வரவில்லை என்பதையும் எழுதினார், முழுச் சுமையோடு இரண்டு முறை எழும்பியதையும் எழுதினார். மீட்புப் படகுக்கு இதில் எது வேண்டும் என்று தன் கருத்தையும் சேர்த்தார். அதை மேலே இருக்கிறவர்கள் ஒத்துக்கொண்டு தீபாவளிக்கு முன்னால் படகை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் தங்கராஜ் என்னோடு அளவாகத்தான் பேசினான். உத்தரவு வந்த அன்று போன் செய்தான். "சார்" என்றான். டீசல் ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் அந்தப் படகில் பத்தொன்பதோடு ஆள் நிறைந்து போனதில்லை. அன்று எல்லோரும் இறங்கியதும் தங்கராஜ் கையைக் காட்டி, "சார், ஒரு ரவுண்டு வாங்க" என்றான். உண்மையாகக் கூப்பிட்டானா மரியாதைக்கா என்று அப்போது தெரியவில்லை. அடுத்த நாள் வருகிறேன் என்றேன். அடுத்த நாள் இருபத்துமூன்றைக் கட்டிக் கொச்சிக்கு அனுப்பும் வேலை. பிறகு மழை. பிறகு எனக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். படகின் குலுக்கல் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி அதை நான் மறக்காமல் பார்த்துக்கொள்கிறாள்.

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். படகில் யார் ஏறுவார்கள் என்று ஓனரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கரையில் போய் நின்று பாருங்கள். அவர்கள் எல்லோரும் ஏறி, எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி, படகு நின்று, மறுபடியும் எழும்ப வேண்டும். அதற்கு எந்த புரொப்பெல்லர் சரியோ அதைப் போடுங்கள். மற்ற எண்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

போன மழையில் படகை ட்ரெய்லரில் ஏற்றி ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து தங்கராஜ் போன் செய்தான். நான் எடுத்ததும் போனை என்ஜின் மூடிக்கு மேலே பிடித்தான். மூவாயிரத்து எழுநூறு. பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தமும் ஆடு கத்துகிற சத்தமும். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை கூப்பிடுவான், போனைப் பிடிப்பான், நான் எண்ணைச் சொல்வேன், "சரியா இருக்கு சார்" என்று வைத்துவிடுவான்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். சத்தம் லேசாக இருந்தது. உச்சச் சுற்றில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மூவாயிரத்து எண்ணூறு.

"தனியாவா போறே?" என்றேன்.

"ஆமா சார். சும்மா ஒரு ரவுண்டு."

டீசல் வீண் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "எங்கன இருக்கே?"

"நடு அணையில சார்."

"தெரியுதா?"

"மேகம் இல்ல சார். வளைவு நல்லாத் தெரியுது."

"என்ஜினை அமத்து."

"ஏன் சார், ஏதும் சத்தம் வித்தியாசமாக் கேக்கா?"

"இல்லப்பா. அமத்து. போனை மட்டும் வச்சிராத."

அமத்தினான். படகின் பக்கவாட்டில் தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு. சமையலறையிலிருந்து மனைவி ஏதோ கேட்டாள், கையைக் காட்டினேன். அவன் அங்கே பார்த்துக்கொண்டிருந்தான், நான் இங்கே கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று நான் எண்ணவில்லை.